உயர்த்துவது ஒன்று, தாங்குவது இன்னொன்று

எங்கள் வாப்பா பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றியிறக்கும் வேன் ஒன்று வைத்திருக்கிறார். பழைய டொல்பின். சின்னச் சின்னப் பழுதுகளைக் கராஜுக்குக் கொண்டுபோகாமல் வீட்டு முற்றத்திலேயே பார்த்துக்கொள்வார். ஆகஸ்ட் விடுமுறையில் ஒருநாள் பின்சில்லைக் கழற்றிவிட்டு, ஜெக்கின் மேல் வேனை நிறுத்திக் கீழே படுத்துப் பிரேக் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் முற்றம் எல்லாம் கடல் மணல். ஜெக் புதையாமல் இருக்க அதன் அடியில் ஒரு புளொக் கல் வைத்திருந்தார். உம்மா தேநீர் கொண்டுவந்தபோது வெளியே வந்து கப்பைக் கையில் வாங்கினார். அந்த நேரம் கல் இரண்டாகப் பிளந்தது. பிரேக் ட்ரம் பாதி மணலுக்குள் போய்விட்டது. அவர் விரித்துப் படுத்திருந்த சாக்கு வேனின் அடியில் கிடந்தது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

நான் உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படிக்கிறேன். பஸ்காலின் தத்துவத்தைக் கொப்பியில் எழுதிப் புள்ளியும் வாங்கியவள். ஆனால் அது எங்கள் வீட்டு வேனின் அடியில் இருக்கிறது என்று அன்றுவரை யோசித்ததே இல்லை.

போத்தல் வடிவத்தில் இருப்பதால் போத்தல் ஜெக் என்று சொல்லும் அந்தச் சிறிய கருவிக்குள் எண்ணெயும் இரண்டு முசலங்களும் உள்ளன. ஒன்று சிறியது, மற்றது பெரியது. சிறியதன் விட்டம் 1 செ.மீ., பெரியதன் விட்டம் 4 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பரப்பளவு 16 மடங்கு. மூடிய திரவத்தில் அமுக்கம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் பரவுவதால் விசையும் 16 மடங்காகிறது. கைபிடி ஒரு நெம்புகோல். அது 10 மடங்கு தருமானால், நாம் 10 கிலோ அளவுக்கு அழுத்த 1,600 கிலோ மேலே எழும்புகிறது. சும்மா கிடைப்பதில்லை. சிறிய முசலம் 16 மில்லிமீற்றர் இறங்கினால்தான் பெரியது 1 மில்லிமீற்றர் ஏறும். அதனால்தான் அவ்வளவு தரம் அடிக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கணக்கின் மறுபக்கத்தைப் பாடப்புத்தகம் அவ்வளவாகச் சொல்வதில்லை. 1,600 கிலோ சுமை 4 செ.மீ. விட்டமுள்ள முசலத்தின் மேல் நின்றால் உள்ளே எண்ணெயின் அமுக்கம் ஒரு கார் டயரில் இருப்பதைப்போல் ஐம்பது மடங்குக்கும் மேல். அந்த அமுக்கத்தை வெளியே விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு ரப்பர் வளையம். ஜோசப் பிரமா என்பவர் 1795இல் இங்கிலாந்தில் நீரழுத்தப் பொறிக்குக் காப்புரிமை பெற்றபோதும் பெரிய தலையிடியாக இருந்தது இந்தக் கசிவுதான். அவரிடம் வேலை செய்த ஹென்றி மோட்ஸ்லேதான் அமுக்கம் கூடக்கூட இறுகிக்கொள்ளும் தோல் வளையத்தைச் செய்து அதைத் தீர்த்தார் என்பார்கள். இன்று தோலுக்குப் பதில் ரப்பர். அது காய்ந்து வெடித்திருந்தாலோ, வால்வில் ஒரு மண் துகள் சிக்கினாலோ வாகனம் இறங்கும். மெதுவாக இறங்கினால் நாம் காணமாட்டோம். வேகமாக இறங்கினால் காண நேரம் இருக்காது. ஜெக்கில் எண்ணெய் குறைந்தால் சிலர் பிரேக் எண்ணெயை ஊற்றுகிறார்கள். அது இந்த ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். ஐதரோலிக் எண்ணெய் மட்டும்தான் ஊற்ற வேண்டும்.

ஆகவே ஜெக் என்பது தூக்குவதற்கு மட்டும். தூக்கியதைத் தாங்கி நிற்க ஸ்டாண்ட் வேண்டும். அது வெறும் இரும்பு. நான்கு கால், நடுவே ஒரு தண்டு. எண்ணெயும் இல்லை, ரப்பரும் இல்லை. எத்தனை மணித்தியாலம் நின்றாலும் இறங்காது. இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் இல்லை, வாப்பாவுக்கும் தெரியும். "ஒரு பத்து நிமிஷ வேலைதானே" என்பதுதான் பிரச்சினை.

ஸ்டாண்டில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் தண்டின் பற்களில் ஒரு நாக்கு வந்து பிடித்துக்கொள்ளும். மற்றதில் தண்டின் துளைக்குள் தடித்த ஆணியைச் செருக வேண்டும். பல் வைத்ததில் உயரத்தைச் சரிசெய்வது லேசு. ஆனால் 2020இல் அமெரிக்காவில் ஒரு வியாபார நிறுவனம் தான் விற்ற 3 தொன், 6 தொன் ஸ்டாண்டுகளைப் பல இலட்சக்கணக்கில் திருப்பி எடுத்தது. தொழிற்சாலை அச்சுகள் தேய்ந்துபோனதால் நாக்கு பல்லுக்குள் போதிய ஆழம் இறங்கவில்லையாம். பதிலுக்குக் கொடுத்தவற்றிலும் ஒரு பகுதியை ஒட்டு சரியில்லை என்று மீண்டும் திருப்பி எடுத்தார்கள். எனக்கு ஆணி வகைதான் பிடித்திருக்கிறது. ஆணி முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம். எதை வாங்கினாலும் சோடியாகவே வாங்க வேண்டும். 3 தொன் என்று எழுதியிருந்தால் அது ஒன்றுக்கா, சோடிக்கா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நிறை தெரியாமல் ஜெக் வாங்கக் கூடாது. ஒரு சின்ன ஆல்டோ ஏறத்தாழ 700 கிலோ. எங்கள் வேன் ஒன்றரைத் தொன்னுக்கு மேல். ஒரு மூலையைத்தானே தூக்குகிறோம், பாதி நிறைக்கு வாங்கினால் போதும் என்று கணக்குப் போடாதீர்கள். முழு நிறைக்கும் மேலாகவே பாருங்கள். அடுத்தது உயரம். அளவுநாடாவோடு கடைக்குப் போவது நல்லது. டயரில் காற்றுப் போயிருந்தால் கார் இன்னும் பதிந்து நிற்கும். அப்போதும் ஜெக் அடியில் நுழைய வேண்டும். போத்தல் ஜெக் பல கார்களுக்கு நுழையாது, வேனுக்கு நுழையும். சில்லு வைத்த ட்ரொலி ஜெக் தாழ்வானது, காருக்கு நல்லது. அது எவ்வளவு உயரம் தூக்குகிறதோ அது ஸ்டாண்டின் ஆகக் குறைந்த உயரத்தைவிடக் கூட இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டையும் வாங்கி வந்து ஒன்றின் மேல் ஒன்றை வைக்க முடியாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நானா ட்ரொலி ஜெக்தான் வாங்க வேண்டும் என்று நின்றார். படத்தில் பார்க்க அழகாக இருக்கும். நான் வேண்டாம் என்றேன். அதன் கை நேராக எழும்புவதில்லை, ஒரு வில்லைப்போல வளைந்து எழும்புகிறது. அந்த வளைவுக்கு ஏற்பச் சில்லுகள் கொஞ்சம் உருண்டு கொடுக்க வேண்டும். சீமெந்துத் தரையில் உருளும். மணலில் சில்லு புதைந்து நின்றுவிடும். அப்போது ஜெக்கின் தலை வாகனத்தின் அடியில் வழுக்கும், இல்லாவிட்டால் வாகனத்தையே இழுக்கும். எங்கள் முற்றத்துக்கு அது சரிவராது. கல்லும் சரிவராது. நடுவில் துளையுள்ள புளொக் கல் சுவருக்காகச் செய்தது. மேல் முழுவதும் பரவும் பாரத்தைத் தாங்கும். ஒரு சிறிய இடத்தில் விழும் பாரத்துக்கு வெடிக்கும். வெடிக்குமுன் முனகக்கூட மாட்டாது. அகலமான தடித்த பலகைதான் மணலுக்கு ஏற்றது. ஜெக்குக்கு ஒன்று, ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் ஒன்று.

கடைசியில் ஒரு சோடி ஸ்டாண்டும் மூன்று பலகையும் வாங்கினோம். ஜெக் பழையதுதான், சீல் மட்டும் மாற்றினோம். ஸ்டாண்ட் இரண்டின் விலையும் சேர்ந்து வேனின் ஒரு புது டயரின் விலைக்கு வரவில்லை. கடைக்காரர் என்னைப் பார்த்து, "மகளும் கராஜ் போடப் போறாவோ?" என்று கேட்டார். வாப்பா சிரித்தார். நான் ஸ்டாண்டின் ஒட்டுகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். டொல்பின் போன்ற வேன்களில் ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின்சில்லுகளை. எஞ்சின் திருப்புவதும் பின்சில்லுகளையே. பின்பக்கம் இரண்டும் தரையை விட்டு எழும்பிவிட்டால் ஹேண்ட் பிரேக்கும் கியரும் இருந்தும் இல்லாததுபோல்தான். முன்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்காவிட்டால் வேன் உருண்டு ஸ்டாண்டிலிருந்து விழும். சில்லு நட்டுகளை வாகனம் தரையில் நிற்கும்போதே கொஞ்சம் இளக்கிவிட வேண்டும். தூக்கிய பிறகு ஸ்பெனரோடு மல்லுக்கட்டக் கூடாது. ஜெக் எங்கே வைப்பது என்பது வாகனத்தோடு வரும் புத்தகத்தில் இருக்கிறது. நம் நாட்டுக்கு வரும் பல வாகனங்களின் புத்தகம் ஜப்பான் மொழியில்தான், ஆனால் படத்துக்கு மொழி தேவையில்லை. தூக்கியதும் ஸ்டாண்டை வைத்து, ஜெக்கை மெதுவாக இறக்கிப் பாரத்தை ஸ்டாண்டில் இருத்த வேண்டும். பிறகு கீழே போகுமுன் வாகனத்தைக் கையால் பலமாக ஆட்டிப் பார்க்க வேண்டும். விழுவதாக இருந்தால் அப்போதே விழட்டும்.

போன வெள்ளிக்கிழமையும் வாப்பா வேனைத் தூக்கினார். சாக்கை விரித்துவிட்டு உடனே படுக்கவில்லை. குசினிப் பக்கம் பார்த்து, "மகள், ஒருக்கா வந்து ஆட்டிப் பாருங்க" என்று கூப்பிட்டார்.