சுவரை இடித்துவிட்டார்கள்... கேள்வி மட்டும் நிற்கிறது!

வில்லியனூர் மாதா கோயில் திருவிழா என்றால் பாகூர், காட்டேரிக்குப்பம் பக்கமிருந்தெல்லாம் ஜனம் வரும். இந்துக்களும் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். அந்தக் கூட்டத்தில் யார் என்ன சாதி என்று பார்க்க முடியாது. ஆனால், சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் கோயிலுக்குள் யார் எங்கே உட்காருவது என்ற கேள்வி, புதுச்சேரியில் 280 ஆண்டுகளாக இருக்கிறது. நாம் யார், எதற்காக ஒன்றாகக் கூடுகிறோம் என்று ஒரு திருச்சபை தன்னையே கேட்டுக்கொண்ட கதை இது.

1745 அக்டோபரில் நடந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். பிள்ளை வைணவர். பக்கத்து வீட்டுச் சண்டையைத் திண்ணையிலிருந்து பார்க்கிறவரைப்போல ஒன்றையும் விடாமல் குறித்துவைத்தார். அன்றைய புதுச்சேரிக் கோயிலுக்குள் வடபக்கம் ஒரு சுவர். அதற்கு ஒரு பக்கம் பறையர்கள். மறுபக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் ஐரோப்பியர்களும். 'எல்லோரும் ஆண்டவரின் பிள்ளைகள் என்றால் எங்களுக்கு மட்டும் எதற்குச் சுவர்?' என்று பெரிய சாமியாரிடம் போய்க் கேட்டார்கள். அவர் அது நியாயம் என்று ஒப்புக்கொண்டு, சுவரை இடிக்கச் சொல்லிவிட்டார். மாலைப் பூசையில் எல்லோரும் கலந்து நின்றார்கள்.

சும்மா விடுவார்களா? சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்து சாமியாரோடு மல்லுக்கு நின்றார்கள். விவகாரம் கவர்னர் துய்ப்ளெக்ஸ் வரை போனது. அந்தக் கோயில் இன்று இல்லை. 1761-ல் புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர்கள் அதை இடித்துவிட்டார்கள். மிஷன் வீதியில் நாம் பார்க்கிற சம்பா கோயில் 1791-ல் கட்டி முடிக்கப்பட்டது.

அடுத்த பெரிய திருப்பம் 1844. அந்த ஆண்டு ஜனவரியிலும் பிப்ரவரியிலும் ஆயர் பொன்னான் தன் குருக்களைப் புதுச்சேரியில் கூட்டி வைத்து ஒரு மாமன்றம் நடத்தினார். கூடியவர்களில் பெரும்பாலோர் பிரெஞ்சுக்காரர்கள். 'நாம் போன பிறகு இந்தத் திருச்சபையை யார் நடத்துவது?' என்பதுதான் அவர்கள் முன்னால் இருந்த கேள்வி. இந்த மண்ணின் பிள்ளைகளையே குருக்களாக்க வேண்டும், பள்ளிகள் வேண்டும் என்று முடிவானது. லுக்கே என்ற இளம் குரு தீர்மானங்களை ரோமுக்கு எடுத்துப்போனார். மறு ஆண்டே, உள்ளூர்க் குருக்களை உருவாக்குங்கள் என்று எல்லா மிஷன்களுக்கும் ரோமிலிருந்து ஆணை வந்தது.

அந்த ஆண்டு அக்டோபரில் துய்ப்புய் என்ற குரு தமிழ்ப் பெண்களைக் கொண்டே ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். வேலை? பெண் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பது. தேவதாசிகளைத் தவிர வேறு பெண்களுக்குப் படிப்பு எதற்கு என்று ஊர் பேசிய காலம் அது. மாமன்றத்தில் எடுத்த முடிவுகளில் நம் வீட்டுப் பாட்டிகள் வரை வந்து சேர்ந்தது இதுதான் என்று சொல்லலாம். மற்றது மெதுவாகத்தான் நடந்தது. புதுச்சேரிக்கு முதல் இந்தியப் பேராயராக அம்புரோஸ் வந்தது 1955-ல். 111 ஆண்டுகள் ஆயின!

சாதியை மட்டும் அன்றைய மிஷனரிகள் பலர் நாட்டு வழக்கம் என்று விட்டுவைத்தார்கள். அதன் விலை பின்னால் தெரிந்தது. இதே மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில், தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று தலித் கிறிஸ்தவர்கள் கேட்டார்கள். சேர்ந்து நிற்க இடம் கேட்டவர்களின் வாரிசுகள், இப்போது பிரிந்து போக வழி கேட்டார்கள். 2008 மார்ச் 9-ம் தேதி மோதல் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள்.

அரசாங்கக் கணக்கில் 1950-ம் ஆண்டு ஆணைப்படி, கிறிஸ்தவராகிவிட்டால் பட்டியல் சாதி இல்லை. கோயிலுக்குள் அந்தச் சாதி போகவில்லை என்பதை ஆயர்களே ஒப்புக்கொண்டார்கள். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட கொள்கை அறிக்கை, சாதிப் பாகுபாட்டைப் பெரும் சமூகப் பாவம் என்றது. நாட்டிலுள்ள 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கர்களில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்றும் சொன்னது. மூன்றில் இரண்டு பங்குக்கும் அதே வாசலில்தான் தகராறு.

2021-ல் போப் பிரான்சிஸ் உலகம் முழுக்கப் பங்குகளிலேயே கருத்துக் கேட்கச் சொன்னார். 2023-ல் ரோமில் கூடிய மாமன்றத்தில் பெண்களும் ஓட்டுப் போட்டார்கள். 1844-ல் ஆயரும் குருக்களும் மட்டும் உட்கார்ந்து பேசியதற்கு, இது பெரிய தூரம்தான்.

ஆனால், ரோமில் பேசுவதைவிடக் கிராமத்துப் பங்கில் பேசுவது கஷ்டம். பங்குகளில் 'அன்பியம்' என்று இருக்கிறது. பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்கள் வீடு மாற்றி வீடு கூடி ஜெபம் செய்வார்கள். நல்ல ஏற்பாடு. ஊர் ஒரு பக்கமும் காலனி ஒரு பக்கமும் இருக்கிற இடத்தில், தெருவாரியாகப் பிரித்தால் அன்பியமும் சாதிவாரியாகவே பிரிந்துவிடும். இரண்டு தெருவையும் கலந்து ஒரே அன்பியமாக அமைத்தால், முதல் கூட்டம் யார் வீட்டில்? அங்கே கொடுக்கிற காபியை எல்லோரும் குடிப்பார்களா?