நியூசிலாந்து தெற்குத் தீவில் மோட்டார்ஹோம் பயணம்: இரவில் வண்டியை எங்கே நிறுத்தலாம்? விதிகள் சொல்வது என்ன?

படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, கழிப்பறை என ஒரு சிறு வீட்டையே சக்கரங்களின் மேல் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுவதற்கு உலகளவில் பெயர்பெற்ற இடங்களுள் ஒன்று, நியூசிலாந்தின் தெற்குத் தீவு. பனி மலைகள், நீலப்பச்சை ஏரிகள், கடல் உட்புகுந்த ஆழமான பள்ளத்தாக்குகள் ஆகிய அனைத்தும் ஒரே தீவுக்குள் அடங்கியிருப்பதே இதற்குக் காரணம். அங்கும் இந்தியாவைப் போலவே வாகனங்கள் சாலையின் இடப்புறம் செல்கின்றன. ஆங்கிலத்தில் அச்சிடப்பட்ட இந்திய ஓட்டுநர் உரிமத்திற்குத் தனியே மொழிபெயர்ப்புத் தேவையில்லை. எனவே வண்டியை வாடகைக்கு எடுப்பதிலும் ஓட்டுவதிலும் பெரிய சிக்கல் இல்லை.

சிக்கல் மாலையில்தான் தொடங்குகிறது. ஏரிக்கரை வெறிச்சோடிக் கிடக்கும். தடைப் பலகை எதுவும் கண்ணில் படாது. அங்கேயே வண்டியை நிறுத்தி உறங்கிவிடலாம் என்று தோன்றும். அது சட்டப்படி சரியா என்பதை இரண்டு கேள்விகள் தீர்மானிக்கின்றன. அந்த நிலம் யாருடையது? வண்டிக்குள் இருக்கும் கழிப்பறை எத்தகையது?

கட்டணமின்றிப் பொது நிலத்தில் இரவு தங்குவதை நியூசிலாந்தில் 'ஃப்ரீடம் கேம்பிங்' என்கின்றனர். இதற்கென 2011-ல், ரக்பி உலகக் கோப்பைப் போட்டிக்கு நாடு தயாராகிக்கொண்டிருந்த வேளையில், தனிச் சட்டம் இயற்றப்பட்டது. வாகனம் செல்லக்கூடிய இடத்திலிருந்தோ, கடலின் தாழ்நீர்க் கோட்டிலிருந்தோ 200 மீட்டருக்குள் பொது நிலத்தில் கூடாரத்திலோ வண்டியிலோ தங்குவது இச்சட்டத்தின்கீழ் வருகிறது. எந்தெந்த இடங்களில் தடை, எங்கே கட்டுப்பாடு என்பதை அந்தந்த உள்ளாட்சி மன்றம் துணைவிதி மூலம் வரையறுக்கலாம். தேசியப் பூங்காக்கள் உள்ளிட்ட பாதுகாக்கப்பட்ட நிலங்களுக்கு இயற்கைப் பாதுகாப்புத் துறை தனியாக விதிகளை வகுக்கிறது. தனியார் நிலமாயின் உரிமையாளரின் அனுமதி கட்டாயம்.

கழிப்பறையால் மாறிய சட்டம்

தொடக்கத்தில் நடைமுறை இத்தனை இறுக்கமாக இல்லை. எடுத்துச் செல்லத்தக்க சிறு கழிப்பறைப் பெட்டி ஒன்றை வைத்திருந்தாலே, கழிவைத் தானே தாங்கிக்கொள்ளும் 'தன்னிறைவு வாகனம்' என்ற நீல நிற ஒட்டுவில்லை கிடைத்துவந்தது. அப்பெட்டி பல வண்டிகளில் படுக்கைக்கு அடியிலேயே பயன்படாமல் கிடந்தது. வண்டியில் வந்தவர்கள் ஆற்றங்கரைப் புதர்களை நாடினர். சுற்றுலாவை நம்பி வாழும் சிற்றூர்களே ஒரு கட்டத்தில் கேம்பர் வண்டிகளைக் கண்டு முகம் சுளிக்கத் தொடங்கின. அந்த மனக்கசப்பை மிகை என்று ஒதுக்கிவிட முடியாது.

இதையடுத்து 2023 ஜூன் மாதம் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. இதன்படி கழிப்பறை வண்டியோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். படுக்கையை விரித்த நிலையிலும் அதைப் பயன்படுத்த முடிய வேண்டும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வீதம் 3 நாள்களுக்கான நீரும், அதற்கேற்ற கழிவுநீர்த் தொட்டியும் தேவை. சோதனையில் தேறும் வண்டிக்குப் பச்சை நிறச் சான்று வழங்கப்படுகிறது. எத்தனை பேர் தங்கலாம் என்பதும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். இருவருக்கான சான்று பெற்ற வண்டியில் நால்வர் உறங்கினால் அது விதிமீறலே. குடும்பத்தோடு செல்வோர் வண்டியைப் பதிவு செய்யும்போதே இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

உள்ளாட்சி நிலங்களில், வேறு விதி வகுக்கப்படாத வரை, சான்று பெற்ற வண்டிக்கு மட்டுமே இப்போது இரவு அனுமதி உண்டு. மீறினால் அந்நாட்டு மதிப்பில் 400 டாலர் அபராதம். குப்பை கொட்டுதல், கழிவு விடுதல் போன்றவற்றுக்குத் தொகை கூடும். வாடகை வண்டியாயின் அபராதச் சீட்டு நிறுவனத்தின் வழியாக வாடிக்கையாளரின் கடன் அட்டைக் கணக்கை வந்தடையும்.

சட்டத்தில் இரண்டு விலக்குகளும் உள்ளன. ஓட்டுநர் களைப்பு நீங்குவதற்காகச் சாலையோரம் சற்று நேரம் உறங்குவது 'ஃப்ரீடம் கேம்பிங்' ஆகாது. வசிக்க வீடு கிடைக்காமல் வண்டியிலேயே காலம் கழிக்கும் உள்நாட்டினருக்கும் 2023 திருத்தம் விலக்கு அளித்திருக்கிறது. சுற்றுலா விசாவில் வருவோருக்கு அது பொருந்தாது.

வழியில் கிடைக்கும் தங்குமிடங்கள்

கிறைஸ்ட்சர்ச் நகரிலிருந்து புறப்படுவோர் பெரும்பாலும் முதலில் சேருவது, சுமார் 230 கி.மீ. தொலைவிலுள்ள டெகாப்போ ஏரியை. பனியாறுகள் அரைத்த பாறைத் துகள்கள் நீரில் மிதப்பதால் விளைவதே அதன் பால் கலந்த நீல நிறம். செயற்கை ஒளி கட்டுப்படுத்தப்பட்ட இரவு வானக் காப்பகமாக 2012-ல் அறிவிக்கப்பட்ட பகுதியும் இதுவே. விண்மீன்களைக் காண விரும்பும் எவருக்கும் ஏரிக்கரையிலேயே தங்கத்தான் தோன்றும். ஆனால் இத்தகைய பெயர்பெற்ற கரைகளில்தான் கட்டுப்பாடுகளும் அதிகம்; கட்டண கேம்பிங் பூங்காவை நாடுவதே அங்கு எளிய வழி.

அங்கிருந்து 3,724 மீட்டர் உயரமுள்ள ஆவோராக்கி - குக் மலையின் அடிவாரத்திற்குச் சென்றால், இயற்கைப் பாதுகாப்புத் துறையின் வைட் ஹார்ஸ் ஹில் முகாம் உள்ளது. மின் இணைப்பு கிடையாது, கழிப்பறை உண்டு. இத்துறை நாடு முழுவதும் வண்டியில் சென்று சேரத்தக்க 200-க்கும் மேற்பட்ட முகாம்களை நடத்துகிறது. சில இலவசம், பலவற்றில் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம்.

மேலும் தெற்கே, தே அனாவ் நகரிலிருந்து மில்ஃபோர்டு சவுண்டு வரையிலான சுமார் 120 கி.மீ. சாலையில் விரும்பிய இடத்தில் தங்க இயலாது. அது ஃபியார்ட்லாந்து தேசியப் பூங்காவினூடே செல்வதே காரணம். எக்லிங்டன் பள்ளத்தாக்கிலுள்ள துறை முகாம்களில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அவற்றுள் கேஸ்கேட் கிரீக் மில்ஃபோர்டுக்கு மிக அருகிலுள்ளது. கூட்டமாக வந்து கடிக்கும் மணல் ஈக்கள் அங்கே உண்டு. கியா எனும் மலைக்கிளிகள் வண்டியின் ரப்பர் விளிம்புகளைக் கொத்திப் பிய்ப்பதில் தேர்ந்தவை. மே முதல் நவம்பர் வரை இச்சாலையில் சக்கரச் சங்கிலி உடனிருக்க வேண்டும்.

விதிகள் நிலையானவை அல்ல என்பதற்கு குயின்ஸ்டவுன் எடுத்துக்காட்டு. அப்பகுதி மன்றம் 2021-ல் கொண்டுவந்த துணைவிதியை எதிர்த்து நியூசிலாந்து மோட்டார் கேரவன் சங்கம் வழக்குத் தொடர்ந்தது. உயர் நீதிமன்றம் 2024-ல் அவ்விதியை ரத்து செய்தது. ஆகவே பழைய பயணக் குறிப்புகளை நம்பாமல், புறப்படும் வாரத்தில் அந்தந்த மன்றத்தின் இணையதளத்தைப் பார்ப்பதே பாதுகாப்பானது.

கழிப்பறைத் தொட்டியை அதற்கென அமைக்கப்பட்ட கழிவகற்று நிலையங்களில் மட்டுமே காலி செய்யலாம். பெரும்பாலான கட்டணப் பூங்காக்களிலும் பல ஊர்களின் பொது இடங்களிலும் இவை உள்ளன. கார் பயணத்திற்குப் பழகியவர்கள் மறந்துவிடும் வேலை இதுவே. இரண்டு மூன்று இரவுகளுக்கு ஒருமுறை மின் இணைப்புள்ள பூங்காவில் தங்கினால் நீர் நிரப்புதல், துணி துவைத்தல், மின்கல ஏற்றம் அனைத்தும் ஒரே இடத்தில் முடியும்.

செலவில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டீசல் அங்கே பெட்ரோலைவிட மலிவாகத் தெரியும். ஆனால் டீசல் வண்டிகளுக்கான சாலைப் பயன்பாட்டுக் கட்டணம் கிலோமீட்டர் கணக்கில் தனியாக வசூலிக்கப்படுகிறது. வண்டியைத் திருப்பித் தரும்போதுதான் பலருக்கு அது தெரியவரும். எடை 3,500 கிலோவைத் தாண்டிய வண்டிகளுக்கு வேக வரம்பு மணிக்கு 90 கி.மீ. மட்டுமே. மலைச் சாலைகளில் அதையும் எட்ட முடியாது என்பதால், வரைபடச் செயலி காட்டும் பயண நேரத்தோடு சற்றுக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

டிசம்பர், ஜனவரி அங்கே கோடைக்காலம். தீவின் தென்பகுதியில் இரவு ஒன்பது மணிக்குப் பிறகும் வெளிச்சம் இருக்கும். இன்னும் நேரம் இருக்கிறது என எண்ணி ஓட்டிக்கொண்டே சென்று சேரும்போது, முன்பதிவு இல்லாத இலவச முகாம்கள் பிற்பகலிலேயே நிரம்பியிருக்கும். அடுத்த முகாம் மலைச் சாலையில் ஒரு மணி நேரம் தள்ளி இருக்கலாம்.