கண்ணாடிப் பேழையும் கற்கோடரியும்

கண்ணாடியின் குணம் இரண்டு. தனக்கு அப்பால் உள்ள பொருளை அது காட்டும். தனக்கு இப்பால் நிற்பவனையும் அதுவே காட்டும். இவ்விரண்டினையும் ஒரே சமயத்தில் செய்தல் அதற்கு இயல்பு. கண்ணால் நேரே காணும்போது இதனால் நமக்குப் பெரிய இடையூறு நேர்வதில்லை. தலையைச் சற்றே அசைத்து நோக்குகின்றோம். இரு கண்களும் தூரத்தை அளந்து கொள்ளுகின்றன. நாடிய பொருளில் மனம் சென்று பதிகின்றது. பிரதிபிம்பத்தைக் கண்டும் காணாதவராய் அப்பாற் செல்லுகின்றோம். புகைப்படக் கருவிக்கோ நாட்டம் என்பதொன்று இல்லை. கண்ணாடிக்கு அப்பாலிருந்து வரும் ஒளியையும், இப்பாலிருந்து பட்டுத் திரும்பும் ஒளியையும் வேற்றுமையின்றி ஒன்றாகக் கூட்டி அது வாங்கிக்கொள்ளுகின்றது. வீட்டிற்கு வந்து படத்தைப் பார்த்தால், பேழைக்குள் இருந்த பொருளின்மேல் எதிர்ச் சன்னலும், படம் பிடித்தவரின் வெள்ளைச் சட்டையும், உயர்த்திய கைப்பேசியும் படிந்திருக்கக் காண்கின்றோம்.

இப்பிரதிபிம்பத்தைக் கணிப்பொறியின் செயற்கை நுண்ணறிவினால் நீக்கிவிடலாம் என்று இக்காலத்தில் கேள்விப்படுகின்றோம். அஃது உண்மையே. ஆயினும் அந்நீக்கம் எத்தகையது, எவ்வளவு நம்பத்தக்கது என்பதனை, நம் திருவள்ளூர்ப் பகுதிக்கே உரிய ஒரு பொருளை முன்வைத்து விளக்க விரும்புகின்றேன்.

திருவள்ளூரிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பூண்டி. கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற நீர்த்தேக்கத்தை அறியாதார் இலர். அந்நீர்ப்பரப்பைக் காணச் செல்வோர் பலர். அவ்வூரில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையார் அமைத்துள்ள அகழ்வைப்பகத்தினுள் நுழைவோர் சிலரே. அங்கே காட்சிக்கு இருப்பன பெரும்பாலும் கற்கள். பொன்னும் மணியும் எதிர்பார்த்துச் செல்வோர் ஏமாற்றமடைவர். ஆனால் அக்கற்களின் வயதை அறிந்தவர் அவ்விடத்தை விட்டு எளிதில் நகரமாட்டார்.

பூண்டிக்கு அண்மையில் உள்ள சிற்றூர் அத்திரம்பாக்கம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் ஆங்கிலேயர் 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் பல்லாவரத்தில் முதற் கற்கருவியைக் கண்டெடுத்தார். அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் வில்லியம் கிங் என்பாருடன் அத்திரம்பாக்கத்து ஓடையருகே வந்து, மேலும் பல கருவிகளைக் கண்டார். (யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணைகொண்டு விவிலியத்தைத் தமிழாக்கிய பெர்சிவல் ஐயரின் மருமகன் இவர் என்பதும் நம்மவர் அறியத்தக்கது.) இவர் சேர்த்த கருவிகளின் தொகுதியைச் சென்னை அரசாங்கம் 1904-இல் விலைக்குப் பெற்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் வைத்தது. பின்னர் அறிஞர் சாந்தி பப்பு அம்மையாரும் அவர் குழுவினரும் அத்திரம்பாக்கத்தில் பல ஆண்டுகள் அகழ்ந்து ஆராய்ந்தனர். அங்குள்ள பழைய கைக்கோடரிகள் ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டன என்று 2011-இலும், அவற்றிற்குப் பிற்பட்ட நுண்ணிய தொழில்முறை சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்னரே அங்குத் தொடங்கிவிட்டது என்று 2018-இலும் அவர்கள் வெளியிட்டனர்.

இவ்விரு காலத்துக் கருவிகளையும் எதனைக் கொண்டு பிரித்தறிகின்றனர்? கல்லின்மேல் உள்ள தழும்புகளைக் கொண்டே பெரிதும் பிரித்தறிகின்றனர். குவார்ட்சைட் என்னும் வன்கல்லை மற்றொரு கல்லால் தட்டும்போது சில்லுகள் பெயர்கின்றன. ஒவ்வொரு சில்லும் பெயர்ந்த இடத்தில் ஓர் ஆழமற்ற பள்ளமும், இரண்டு பள்ளங்கள் கூடுமிடத்தில் வயல் வரப்பைப் போன்ற ஒரு மெல்லிய மேடும் உண்டாகும். இருபுறமும் சில்லுகளைப் பெயர்த்துத் துளி வடிவாகச் செய்தது கைக்கோடரி. மூலக்கல்லை முன்னதாகவே நாற்புறமும் தட்டிப் பக்குவப்படுத்தி, இறுதியில் ஒரே அடியில் வேண்டிய வடிவுடைய சில்லை எடுப்பது பிற்கால முறை. அச்சில்லின் முதுகில், முன்னைத் தட்டல்களின் வரம்புகள் நடுவை நோக்கிச் சென்று கூடும். ஆகவே ஒரு வரம்பு கூடுதலாகவோ குறைவாகவோ படத்தில் தோன்றுமாயின், கருவி செய்தவன் எத்தனை முறை எந்தத் திசையிலிருந்து தட்டினான் என்ற கணக்கே பிழைபடும். கண்ணாடிப் பேழைக்கு வெளியே நின்று படம் பிடிக்கும் மாணவனுக்கு இடர் இங்கேதான் தொடங்குகின்றது. சன்னற் கம்பியின் பிரதிபிம்பமும் ஒரு வரம்பு போலவே தோன்றக்கூடும் அன்றோ!

இனி, பிரதிபலிப்பின் அளவைக் காண்போம். சாதாரணக் கண்ணாடியின்மேல் ஒளி நேராக விழும்போது, ஒவ்வொரு முகத்திலும் ஏறக்குறைய நூற்றுக்கு 4 பங்கு திரும்பிவிடுகின்றது. கண்ணாடிப் பலகைக்கு முகங்கள் இரண்டாதலால் திரும்புவது ஏறக்குறைய 8 பங்கு. இது சிறு தொகையன்றோ என்று கேட்கலாம். பேழைக்குள் இருக்கும் கல்லிலிருந்து 100 அளவு ஒளி புறப்படுவதாகக் கொள்வோம். கண்ணாடியைக் கடந்து வருவது 92. எதிரே திறந்த சன்னலின் வெயில் அக்கல்லைக் காட்டிலும் 20 மடங்கு பிரகாசமுடையதெனில் அதன் அளவு 2,000. அதில் நூற்றுக்கு 8 என்றால் 160. கல்லின் 92-ஐ இந்த 160 மூழ்கடித்துவிடுகின்றது. நமது நாட்டில் வெளியே வெயிலும் உள்ளே நிழலுமாக இருக்கும் கூடங்களில் இவ்வாறு நேர்வது அன்றாட நிகழ்ச்சி.

இவ்விடத்தில் ஒரு பழஞ்செய்தி நினைவிற்கு வருகின்றது. 1808-ஆம் ஆண்டில் மாலூஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர், பாரிசில் தம் இல்லத்திலிருந்து லக்சம்பர்க் அரண்மனைச் சன்னற் கண்ணாடிகளில் பட்டுத் திரும்பிய மாலை வெயிலை ஒரு படிகத்தின் வழியே நோக்கினார். பொருள்களை இரட்டையாகக் காட்டுவது அப்படிகத்தின் இயல்பு. அதனைத் திருப்பத் திருப்ப, இரண்டு உருவங்களுள் ஒன்று மங்குவதையும் மற்றொன்று ஒளிர்வதையும் அவர் கண்டார். கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வுகள் ஒரு தளத்தில் ஒழுங்குபடுகின்றன என்ற உண்மை இங்ஙனம் வெளியாயிற்று. 1815-இல் புரூஸ்டர் என்பார் இதற்குரிய கோணத்தை விதியாக்கினார். கண்ணாடிக்கு அக்கோணம், செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 56 பாகை. அச்சாய்வில் நின்று, போலராய்டு வடிப்பானைக் கருவியின் முகப்பில் பொருத்தித் தக்கபடி திருப்பினால் பிரதிபிம்பம் ஏறக்குறைய முழுதும் மறைந்துவிடும். ஆயினும் கல்லை நேர்முகமாகப் படம் பிடிக்க வேண்டுவோர்க்கு இவ்வடிப்பான் பயன்படாது. நேராகத் திரும்பும் ஒளி அவ்வாறு ஒழுங்குபடுவதில்லை.

வடிப்பானும் இன்றி, மறுமுறை சென்று படம் பிடிக்கவும் இயலாது, கையில் உள்ள ஒரே படத்தைத் திருத்த வேண்டுமாயின் என் செய்வது? படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் இருப்பது ஒரு கூட்டுத்தொகை: கல்லின் ஒளியும் பிரதிபிம்பத்தின் ஒளியும் சேர்ந்தது. ஒரு சிறுவனிடம், “இரண்டு எண்களைக் கூட்டினேன், 10 வந்தது; அவை எவை?” என்று கேட்டால், 7-உம் 3-உம் என்பான், 6-உம் 4-உம் என்றாலும் பிழையன்று. கணக்கை மட்டும் கொண்டு விடை காணுதல் இயலாது. வேறு ஏதேனும் ஒரு குறிப்பு வேண்டும்.

அக்குறிப்பை ஆராய்ச்சியாளர் பல வழிகளில் தேடினர். கருவியைச் சற்றே நகர்த்திப் பல படங்கள் எடுத்தால், பொருளும் பிரதிபிம்பமும் வெவ்வேறு அளவில் இடம் பெயரும். அதனைக் கொண்டு இரண்டையும் பிரிக்கும் முறையொன்று 2015-இல் வெளிவந்தது. கண்ணாடியின் இரு முகங்களும் தனித்தனியே பிரதிபலித்தலால் பிரதிபிம்பம் இரட்டையாகத் தோன்றும்; அவ்விரட்டைத் தன்மையையே அடையாளமாகக் கொள்ளும் முறை ஒன்றும் அவ்வாண்டிலேயே கூறப்பட்டது. இவற்றிற்குப் பின்னர்ப் பெருகியதே செயற்கை நுண்ணறிவின் வழி. அதன் பயிற்சி எளிதில் விளங்கக் கூடியது. ஒரு காட்சியின் படத்தையும் மற்றொரு காட்சியின் படத்தையும் எடுத்து, ஒளி கூடுமாறே கணக்கிற் கூட்டி, கலந்த படத்தைப் பொறிக்குக் கொடுக்கின்றனர். “முதற் காட்சியை மட்டும் மீட்டுக் கொடு” என்பது கட்டளை. அது கொடுக்கும் விடையை உண்மைப் படத்தோடு ஒப்பிட்டு, பிழைக்குத் தக்கவாறு அதன் உள்ளெண்களைத் திருத்துகின்றனர். இவ்வாறு மிகப் பல படங்களைக் கொண்டு பழக்கியபின், சன்னலின் ஓரம் எப்படியிருக்கும், பிரதிபிம்பம் எவ்வாறு மங்கியும் கலங்கியும் தோன்றும் என்பன அதற்குப் பழகிவிடுகின்றன. அப்பழக்கமே மேற்சொன்ன குறிப்பு.

2024-ஆம் ஆண்டு டிசம்பரில் அடோபி நிறுவனத்தார் தங்கள் கேமரா ரா மென்பொருளில் இவ்வசதியை முன்னோட்டமாக வெளியிட்டனர். தொடக்கத்தில் அது ‘ரா’ எனப்படும் மூலக் கோப்பையே வேண்டிற்று. இதற்குக் காரணம் உண்டு. மூலக் கோப்பில் உள்ள எண்கள் விழுந்த ஒளிக்கு நேர்விகிதமாக இருக்கும். ஆதலால் கூட்டல் கூட்டலாகவே நிற்கும். கைப்பேசிகள் வழக்கமாகத் தரும் படங்களிலோ, கண்ணுக்கு இனிமையாகுமாறு எண்கள் முன்னரே வளைக்கப்பட்டிருக்கும். மேலும் அம்மென்பொருளில், எது நீக்கப்பட்டதோ அப்பிரதிபிம்பத்தையே தனியாகக் காணவும் இயலும். இதனை நான் மிக உயர்ந்த வசதியாக மதிக்கின்றேன். நீக்கப்பட்ட பகுதியில் சன்னலும் சட்டையும் மட்டும் தோன்றினால் நன்று. அதில் கல்லின் தழும்பும் தென்பட்டால், குப்பையோடு நெல்லும் கூட்டிப் பெருக்கப்பட்டது என்று அறிந்துகொள்ளலாம்.

இதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. படியில் அரிசியைக் கொட்டுகின்றோம். படி நிறைந்து வழிந்தபின், எவ்வளவு கொட்டினோம் என்பதைப் படியைப் பார்த்து அறிய முடியுமா? கருவியின் ஒவ்வொரு புள்ளிக்கும் அவ்வாறே ஓர் எல்லை உண்டு. வெயிலடிக்கும் சன்னலின் பிரதிபிம்பம் விழுந்த இடத்தில் அவ்வெல்லை நிரம்பி, படம் வெறும் வெண்மையாகிவிடும். அங்கே கல்லின் செய்தி அணுவளவும் இல்லை. பிரித்தெடுக்க ஒன்றும் இல்லாத அவ்விடத்தையும் சில மென்பொருள்கள் வெறுமையாக விடுவதில்லை. சுற்றுப்புறத்தைப் பார்த்து, முன்பு கண்ட கற்களின் பழக்கத்தால், பொருத்தமான மேற்பரப்பு ஒன்றை வரைந்து நிரப்புகின்றன. பார்ப்பவர்க்கு அஃது அழகாகவே இருக்கும். மணவிழாப் படத்தில் மூக்குக் கண்ணாடியின் பளபளப்பை இவ்வாறு நீக்கினால் ஒருவர்க்கும் நட்டமில்லை. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பணிபுரியும் நம் பழைய மாணவர் ஒருவர், அழுத்தமானியின் கண்ணாடி முகத்தைப் படம் பிடித்து மேலாளருக்கு அனுப்பும்போது, முள் நிற்குமிடத்தை மென்பொருள் தானே வரைந்து கொடுக்குமாயின் அதன் விளைவு வேறு. கற்கருவியின் படமும் இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்ததே.

இதனை நான் ஏட்டறிவால் மட்டும் எழுதவில்லை. மாணவர் சிலருடன் ஒரு காட்சிக்கூடத்திற்குச் சென்றிருந்தபோது, கைக்கோடரி ஒன்றைப் பேழையின் வெளியே நின்று கைப்பேசியால் படம் பிடித்தோம். வீட்டில் மென்பொருளைக் கொண்டு பிரதிபிம்பத்தை நீக்கியதும், கல் கழுவி எடுத்தாற்போல் தெளிவாயிற்று. மாணவர் ஒருவர் அதனைப் பார்த்துக் கையால் வரைபடம் தீட்டினார்; மேற்பகுதியில் 5 தழும்புகள் என்று குறித்தார். அவற்றுள் ஒரு வரம்பு மட்டும் அளவுகோல் வைத்து இழுத்தாற்போல் நேராக இருந்தது. கல் அவ்வாறு பெயர்தல் அரிது என்ற ஐயம் எழவே, திருத்தப்படாத படத்தை எடுத்துப் பார்த்தோம். அவ்விடத்தில் சன்னற் கம்பியின் பிரதிபிம்பம் குறுக்கே ஓடியது. மென்பொருள் அதன் பெரும்பகுதியை நீக்கி, ஒரு விளிம்பை மட்டும் கல்லுக்குரியதென்று கருதி விட்டுவைத்திருந்தது; அதனோடு அமையாமல் இருபுறமும் பள்ளத்தின் நிழலையும் சேர்த்திருந்தது.

மறுவாரம் கறுப்புத் துணி ஒன்றுடன் சென்றோம். பொறுப்பாளரின் அனுமதி பெற்று, கருவியின் முகப்பைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து, துணியால் சுற்றிலும் மறைத்தோம். மின்வெட்டொளியை நிறுத்தினோம். படம் பிடிப்பவர் கருநிறச் சட்டை அணிந்திருந்தார். வெள்ளாடை அணிந்த நானோ தூணுக்குப் பின்னால் நிற்கும்படி பணிக்கப்பட்டேன். நீக்குவதற்குப் பிரதிபிம்பமே இல்லாத படம் கிடைத்தது. தழும்புகளை எண்ணினோம், 4 இருந்தன. வரைபடத்தை அம்மாணவரே அழித்துத் திருத்தினார். மென்பொருள் தந்த படத்தையும் நாங்கள் எறிந்துவிடவில்லை. “பிரதிபிம்பம் கணிப்பொறியால் நீக்கப்பட்டது” என்ற குறிப்புடன், திருத்தப்படாத படத்தின் பக்கத்திலேயே அது வகுப்பறைத் தொகுப்பில் ஒட்டப்பட்டுள்ளது.