மதரசா விடுதியும் மனனக் கல்வியும்

பசுவந்தனையிலிருந்து எட்டயபுரம் அதிகத் தொலைவில் இல்லை. பாரதியின் ஊர் என்றே நாம் அதனை அறிவோம். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கியிருப்பதும் அதே ஊரில்தான். சமஸ்தானப் புலவரான கடிகைமுத்துப் புலவரிடம் அவர் தமிழ் பயின்றார். நபிகளின் வரலாற்றுச் செய்திகளையோ, அரபு கற்ற ஆலிம்களைக் கடற்கரை ஊர்களில் நாடிச் சென்று பெற்றார் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஆசிரியர் இருக்கும் இடத்துக்கு மாணவன் பெயர்ந்து செல்வதே அக்காலக் கல்வி. அப்படிப் பெயர்ந்து சென்றவன் எங்கே உண்பான், எங்கே உறங்குவான்? இந்தச் சிறு கேள்வியிலிருந்துதான் மதரசா என்ற அமைப்பே பிறந்தது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

ஜார்ஜ் மக்தீசி என்ற வரலாற்று அறிஞர் 1981இல் வெளியிட்ட நூலில் இக்கருத்தை விளக்கினார். முதலில் பள்ளிவாசலில் பாடம் நடந்தது. பத்தாம் நூற்றாண்டளவில், வெளியூர் மாணவர் தங்குவதற்காகப் பள்ளிவாசலை ஒட்டிச் சத்திரங்கள் எழுந்தன. பாடமும் தங்குமிடமும் ஒரே அறக்கட்டளையின் கீழ் இணைந்தபோது மதரசா உருவாயிற்று. பதினோராம் நூற்றாண்டில் அமைச்சர் நிஜாமுல் முல்க் பக்தாதில் நிறுவிய நிஜாமிய்யா இவற்றுள் புகழ் பெற்றது. ஆகவே விடுதி என்பது மதரசாவுக்குப் பின்னர் ஒட்டவைத்த உறுப்பன்று; அதன் அடித்தளமே அதுதான்.

தமிழகத்தில் வேலூரில் ஷா அப்துல் வஹ்ஹாப் தொடங்கிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத், ஆம்பூர் அருகே காகா முஹம்மது உமர் 1924இல் நிறுவிய உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாம் ஆகியவை பெயர் பெற்றவை. ஒருவர் பெயருக்குப் பின் ‘பாகவி’ என்றிருந்தால் அவர் வேலூரில் பயின்றவர். ‘உமரி’ என்றிருந்தால் உமராபாத்தில் பயின்றவர். தாம் இளமையில் வாழ்ந்த விடுதியைப் பெயரிலேயே சுமந்து திரியும் பழக்கம் வேறு எந்தக் கல்லூரியாருக்கு உண்டு?

கடல் கடந்தும் இவ்வமைப்பு பரவியிருக்கிறது. இலங்கையில் பேருவளை ஜாமிஆ நளீமிய்யா 1973இல் தோன்றியது. இந்தோனேசியாவில் இத்தகைய விடுதிப் பள்ளிக்குப் ‘பெசந்திரேன்’ என்று பெயர். மலாய் மொழியில் பள்ளிவாசல் பணியாளரைக் குறிக்கும் ‘லெபாய்’ என்ற சொல் நம் ‘லெப்பை’யே. தமிழ் முஸ்லிம் வணிகர்கள் சரக்கோடு சொல்லையும் ஏற்றிச் சென்றிருக்கிறார்கள்!

விடுதிக்குள் நடப்பதை வெளியிலிருந்து அறிய முடியாது. அதனால் சென்ற சில பத்தாண்டுகளில் ஆய்வாளர்கள் உள்ளேயே சென்று பழகி எழுதத் தொடங்கினர். உத்தரப் பிரதேசத்து முபாரக்பூர் மதரசாவைப் பற்றி அர்ஷத் ஆலம் 2011இல் எழுதினார். பெண்கள் மதரசாவைப் பற்றி உஷா சன்யாலின் நூல் 2020இல் வந்தது. தேவ்பந்திலும் லக்னோவிலும் தாமே மாணவராக இருந்த இப்ராஹிம் மூசா 2015இல் தம் நூலை வெளியிட்டார்.

இனி, மதரசா வாழ்வில் அறிவியலுக்கு மிகுந்த தீனி தரும் பகுதிக்கு வருவோம். அதுதான் ‘ஹிப்ழ்’ என்னும் மனனக் கல்வி.

குர்ஆனில் 114 அத்தியாயங்கள், 6,236 வசனங்கள். ஓதும் வசதிக்காக அது 30 பாகங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வழக்கமான அச்சில் ஏறத்தாழ 600 பக்கங்கள். நாளுக்கு அரைப் பக்கம் மனனம் செய்யும் சிறுவனுக்கு 1,200 பாட நாட்கள் வேண்டும். விடுமுறைகளையும் சேர்த்தால் நான்கு ஆண்டுகளை எட்டிவிடும். அதிலும் அரபு அவனுடைய தாய்மொழியன்று. தமிழில் ஒரே ‘ஸ’ என்று எழுதிவிடும் இடத்தில் அரபில் மூன்று தனித்தனி எழுத்துகள் உள்ளன. நாக்கின் நிலை மூன்றுக்கும் வேறு. வாய், தொண்டை, மூக்கு ஆகியவற்றில் ஒலி பிறக்கும் இடங்கள் பதினேழு என்று ஓதல் இலக்கணம் வகுக்கிறது. தொல்காப்பியப் பிறப்பியல் படித்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

புதிதாக மனனம் செய்வது எளிது. செய்ததைக் காப்பதே கடினம். ஜெர்மானிய உளவியலார் எப்பிங்ஹாஸ் தம்மையே சோதனைப் பொருளாக்கி, பொருளற்ற அசைகளை மனனம் செய்து, மறதியை அளந்தார். 1885இல் அவர் வெளியிட்ட முடிவின்படி, மறதி முதல் ஒரு மணிக்குள் விரைவாகவும் பின்னர் மெல்லவும் நிகழ்கிறது. ஒரு நாள் கழித்து மீண்டும் கற்றபோது அவருக்கு மிச்சமான உழைப்பு மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே மறக்கத் தொடங்குமுன் பாடத்தைத் திரும்பத் தொடவேண்டும்.

ஹிப்ழ் ஆசிரியர்கள் எப்பிங்ஹாஸைப் படித்தவர்கள் அல்லர். ஆயினும் அவர்களுடைய அன்றாட முறை இதற்கே அமைந்ததுபோல் இருக்கிறது. நாள்தோறும் மூன்று பாடங்கள்: இன்றைய புதுப் பாடம், அண்மை நாட்களில் முடித்த பாடம், என்றோ முடித்த பழம்பாடம். வட இந்திய மதரசாக்களில் இவற்றைச் சபக், சபக்கி, மன்ஸில் என்பர். பத்துப் பாகங்கள் முடித்தவன் நாளொன்றுக்கு ஒரு பழம்பாகம் ஓதினால், ஒவ்வொரு பக்கமும் பத்து நாளுக்கு ஒருமுறை அவன் நாவில் வந்துபோகும். முப்பதும் முடித்த ஹாபிழுக்கு அது மாதம் ஒரு சுற்று.

இன்னொன்றையும் கவனியுங்கள். மாணவன் ஏட்டைப் பார்த்து ஓதிக்காட்டுவதில்லை. ஏட்டை மூடிவிட்டு ஆசிரியர்முன் ஒப்பிக்கிறான். 2006இல் அமெரிக்க உளவியலார் ரோடிகரும் கார்பிக்கும் கற்கும் முறைகள் இரண்டை ஒப்பிட்டனர். ஒரு முறையில் மாணவர்கள் பாடத்தைத் திரும்பப் படித்தனர். மற்றதில் பாராமல் நினைவுகூர்ந்து எழுதினர். ஒரு வாரத்துக்குப் பின், திரும்பப் படித்ததில் நினைவிருந்தது 42 விழுக்காடு, நினைவுகூர்ந்து எழுதியதில் 56. உங்கள் வீட்டுப் பிள்ளை எந்தப் பள்ளியில் படித்தாலும் இம்முறை உதவும்.

மனனம் மூளையை மாற்றுமா? வேதம் மனனம் செய்த 21 பண்டிதர்களின் மூளையைப் படமெடுத்து, மற்றவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2016இல் வெளிவந்தது. மொழிக்கும் நினைவுக்கும் உரிய சில பகுதிகள் பண்டிதர்களிடம் பெரிதாக இருந்தன. பயிற்சியால் பெரிதாயினவா, அத்தகைய மூளையுடையவர்களே அக்கல்வியில் நிலைத்தார்களா என்பதை ஒரே முறை எடுத்த படத்தைக் கொண்டு சொல்லிவிட முடியாது.

ஓர் எச்சரிக்கையும் தேவை. “மனனம் செய்தால் மூளை கூர்மையாகும், கணக்குத் தானே வரும்” என்று பெற்றோர் சிலர் நம்புகின்றனர். 1980இல் வெளியான ஓர் ஆய்வில், மாணவர் ஒருவர் இடைவிடாப் பயிற்சியால் ஏறத்தாழ 80 இலக்கங்களை ஒருமுறை கேட்டவுடன் திருப்பிச் சொல்லும் திறன் பெற்றார். அவரிடம் இலக்கங்களுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்தபோது, பழையபடி ஆறோடு நின்றுவிட்டார்! பயின்ற பொருளில்தான் நினைவு வளர்கிறது. கணக்கு வரவேண்டுமானால் கணக்கையே கற்பிக்க வேண்டும்.

இங்கேதான் கால அட்டவணை என்ற சிக்கல் எழுகிறது. இரவுத் தொழுகையும் உணவும் முடிந்து பத்து மணிக்குப் படுத்த சிறுவன், வைகறைத் தொழுகைக்கு நாலரைக்கு எழுந்தால் அவன் உறங்கியது ஆறரை மணி நேரமே. 6 முதல் 12 வயதினர்க்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதினர்க்கு 8 முதல் 10 மணி நேரமும் உறக்கம் வேண்டும் என்பது அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் தந்த பரிந்துரை. பகலில் கற்றது நினைவில் படிவதும் உறக்கத்தில்தான். மதரசாக்களில் ‘கைலூலா’ என்னும் நண்பகல் உறக்கம் மரபாக உண்டு. அந்த நேரத்தை வெட்டிப் புதுப் பாடத்தைத் திணிக்கும் விடுதி, எம்மதத்தாருடையதாயினும், ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுகிறது என்பேன்.

மதரசாக்களைப் பற்றிப் பேச்சு பெரிது, எண்ணிக்கை சிறிது. பள்ளி வயது முஸ்லிம் சிறார்களில் ஏறத்தாழ 3 விழுக்காட்டினரே முழுநேர மதரசாவில் பயில்வதாக 2006இல் சச்சார் குழு கணக்கிட்டது. மாலையில் ஒரு மணி நேரம் ஓதிவிட்டு வரும் மக்தப் பிள்ளைகளை இதில் சேர்த்து எண்ணுவதால் வரும் குழப்பத்தையும் அக்குழு சுட்டிக்காட்டியது. ஆயினும் அந்த 3 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வை மதரசாவில் இருந்துகொண்டே எழுத முடியும். சேர்க்கும் நாளிலேயே பெற்றோர் இதைக் கேட்டறிய வேண்டும். தமிழும் கணக்கும் அட்டவணையில் எந்த நேரத்தில் நடக்கின்றன, யார் நடத்துகிறார் என்றும் கேட்கலாம்.

கரிசல் காட்டுப் பெற்றோர்க்கு விடுதி புதிதன்று. வானம் பார்த்த பூமியில் மழை பொய்த்த ஆண்டுகளில், சோறும் படிப்பும் ஓரிடத்தில் கிடைக்குமென்று பிள்ளையை வெளியூருக்கு அனுப்பிய குடும்பங்கள் பல. பிள்ளை இரவில் அழுகிறான் என்ற செய்தி வந்தால் என்ன செய்வது? வீட்டு ஏக்கம் பற்றி அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2007இல் வெளியிட்ட அறிக்கை சில வழிகளைச் சொல்கிறது. போவதா வேண்டாமா என்ற முடிவில் பிள்ளைக்கும் பங்கு கொடுங்கள். முன்னதாகவே பாட்டி வீட்டிலோ மாமா வீட்டிலோ சில நாள் தங்கிப் பழகட்டும். “பிடிக்கவில்லையென்றால் மறுநாளே வந்து கூட்டிப் போய்விடுகிறேன்” என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். அந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு பிள்ளை அங்கே எதிலும் மனம் ஊன்றமாட்டான். ஆனால் வாரங்கள் கழிந்தும் அவன் உண்ணாமல் உறங்காமல் மெலிகிறான் என்றாலோ, அடிபட்ட தடம் தெரிந்தாலோ தயங்கவேண்டாம். அடுத்த பேருந்தைப் பிடியுங்கள்.