டோரன்ட் என்றால் திருட்டா? சாப்ட்வேர் பகிர்வில் ஒரு மொய் விருந்து

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஒரு மாதத்துக்குள் ‘டோரன்ட்’ என்ற சொல்லைக் கேள்விப்பட்டுவிடுவார்கள். ஒரு நண்பர், "புதுப் படமெல்லாம் அதில்தான் எடுக்கிறேன்" என்பார். இன்னொருவர், "அதைத் தொட்டால் வைரஸ் வரும்" என்று பயமுறுத்துவார். இரண்டையும் கேட்பவர், டோரன்ட் என்பதே திருட்டு வேலை என்று முடிவு கட்டிவிடுவார்.

உண்மை அதுவல்ல. டோரன்ட் என்பது பைல்களைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு வழிமுறை. லினக்ஸ், லிப்ரே ஆபிஸ் போன்ற பெரிய சாப்ட்வேர்களை, அவற்றை உருவாக்கியவர்களே இந்த முறையில் இலவசமாக வழங்குகிறார்கள். எதை எடுக்கிறோம், எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் சரியும் தவறும் இருக்கின்றன.

சர்வர் ஏன் திணறுகிறது?

வழக்கமான டவுன்லோடில், ஒரு நிறுவனத்தின் சர்வரில் பைல் இருக்கும். எல்லோரும் அங்கே போய் எடுப்போம். பத்துப் பேர் வந்தால் சிக்கல் இல்லை. ஒரே நாளில் லட்சம் பேர் வந்தால் சர்வர் திணறும். கூட்டம் கூடக்கூட வேகம் குறையும். பாதியில் இணைப்பு அறுந்தால் சில சமயம் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் பிராட்பேண்ட் வந்தபோது, தொடக்கநிலைத் திட்டத்தின் வேகம் 256 கே.பி.பி.எஸ். அந்த வேகத்தில் 700 எம்.பி. கொண்ட ஒரு லினக்ஸ் சி.டி.யை இறக்க 6 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால்தான் உபுண்டு லினக்ஸைத் தயாரித்தவர்கள் 2005 முதல் 2011 வரை, கேட்டவர்களுக்குத் தபாலில் இலவசமாக சி.டி. அனுப்பி வந்தார்கள். இன்று வேகம் கூடிவிட்டது. ஆனால் உபுண்டுவின் அளவும் ஏறத்தாழ 6 ஜி.பி. ஆகிவிட்டது. நாள் ஒன்றுக்கு 2 ஜி.பி. தரும் மொபைல் டேட்டாவில் அதை எடுக்க மூன்று, நான்கு நாட்களாகும்.

கூட்டம் கூடினால் வேகமும் கூடும்

இந்தச் சிக்கலைத் தீர்க்க பிராம் கோஹன் என்ற அமெரிக்க புரோகிராமர் 2001-ல் உருவாக்கியதுதான் பிட்டோரன்ட். இது எப்படி இயங்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள, புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்கள் வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி, ஆவணியில் நடக்கும் மொய் விருந்தை நினைத்துக்கொண்டால் போதும்.

மொய் விருந்தில் ஒரே ஆள் முழுப் பணத்தையும் தருவதில்லை. நூற்றுக்கணக்கானவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் வைக்கிறார்கள். எல்லாம் சேர்ந்து பெருந்தொகையாகிறது. யார் எவ்வளவு வைத்தார் என்பது மொய் நோட்டில் ஏறுகிறது. வாங்கியவர் தம் முறை வரும்போது திருப்பிச் செய்ய வேண்டும். கூட்டம் கூடினால் மொய்யும் கூடும்.

டோரன்டிலும் இப்படித்தான். ஒரு பெரிய பைல் சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. 256 கே.பி. அளவில் வெட்டினால் 6 ஜி.பி. பைலில் 24,000 துண்டுகளுக்கு மேல் வரும். முழு பைலையும் வைத்திருப்பவர்களை ‘சீடர்’ என்பார்கள். நீங்கள் டவுன்லோட் செய்யத் தொடங்கியதும் ஒரு துண்டு மதுரையில் உள்ள ஒரு கம்ப்யூட்டரிலிருந்தும், அடுத்த துண்டு ஜெர்மனியிலிருந்தும் வரலாம். உங்களுக்கு வந்து சேர்ந்த துண்டுகளை, அது இல்லாத மற்றவர்களுக்கு உங்கள் கம்ப்யூட்டர் அப்போதே கொடுக்கத் தொடங்கிவிடும்.

இதிலும் கணக்கு உண்டு. தனக்கு நன்றாகக் கொடுக்கும் கம்ப்யூட்டர்களுக்கு, உங்கள் கம்ப்யூட்டர் முன்னுரிமை தரும். கையில் ஒரு துண்டும் இல்லாத புதியவர் என்ன செய்வார்? அவருக்காகவே 30 விநாடிக்கு ஒரு முறை, கணக்குப் பார்க்காமல் யாரேனும் ஒருவருக்கு வாய்ப்புத் தரும் ஏற்பாடும் இருக்கிறது.

முன்பின் தெரியாதவரிடம் வாங்கலாமா?

யாரென்றே தெரியாத ஒருவரின் கம்ப்யூட்டரிலிருந்து வரும் துண்டை எப்படி நம்புவது? நியாயமான கேள்விதான்.

டவுன்லோடைத் தொடங்க முதலில் ‘டோரன்ட் பைல்’ என்ற சிறு பைலை எடுப்பீர்கள். அதில் உண்மையான சாப்ட்வேர் இருக்காது. ஒவ்வொரு துண்டுக்கும் உரிய ‘ஹேஷ்’ என்ற அடையாள எண் இருக்கும். இதைத் துண்டின் கைரேகை எனலாம். வந்து சேரும் ஒவ்வொரு துண்டையும் உங்கள் கம்ப்யூட்டர் இந்தக் கைரேகையோடு ஒப்பிடும். பொருந்தாவிட்டால் அந்தத் துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு வேறொருவரிடம் கேட்கும்.

ஆகவே துண்டுகள் யாரிடமிருந்து வந்தாலும் பரவாயில்லை. கைரேகைப் பட்டியலான அந்தச் சிறு பைல் மட்டும் சாப்ட்வேரைத் தயாரித்தவரின் சொந்தத் தளத்திலிருந்து வர வேண்டும். இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். யாரோ நடத்தும் ‘எல்லாம் கிடைக்கும்’ தளத்தில் எடுத்த டோரன்ட் பைலில், வைரஸ் கலந்த சாப்ட்வேருக்கே கைரேகை எடுத்து வைத்திருப்பார்கள். எல்லாத் துண்டும் சரியாகப் பொருந்தும், வைரஸும் முழுதாக வந்து இறங்கும்.

2016 பிப்ரவரியில் நடந்த ஒரு சம்பவத்தைப் பாருங்கள். லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் புகுந்தவர்கள், மின்ட் 17.3 சின்னமன் பதிப்பின் டவுன்லோட் இணைப்பைத் திருட்டு வழி வைத்த போலிப் பதிப்புக்குத் திருப்பிவிட்டார்கள். அன்று அந்த இணைப்பில் எடுத்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். டோரன்ட் மூலம் எடுத்தவர்களுக்குப் பாதிப்பு இல்லை என்று மின்ட் குழுவினர் அறிவித்தார்கள்.

செய்து பார்க்கலாமா?

முதல் முயற்சிக்கு லிப்ரே ஆபிஸ் நல்ல தேர்வு. கடிதம் எழுத, கணக்குப் போட உதவும் இலவச சாப்ட்வேர் இது.

1. முதலில் டோரன்டைக் கையாளும் புரோகிராம் வேண்டும். க்யூபிட்டோரன்ட் இலவசம், விளம்பரம் இல்லாதது. அதை அதன் சொந்தத் தளத்திலிருந்தே எடுத்து இன்ஸ்டால் செய்திடுங்கள். மியூடோரன்ட் என்ற புகழ்பெற்ற புரோகிராமோடு, கிரிப்டோகரன்சி தேடும் வேறொரு புரோகிராமும் சேர்ந்து வந்ததாக 2015-ல் பெரிய புகார் எழுந்தது. எனவே இன்ஸ்டால் செய்யும்போது ‘நெக்ஸ்ட்’ பட்டனை அவசரமாகத் தட்டிக்கொண்டே போகாதீர்கள்.

2. லிப்ரே ஆபிஸ் தளத்தின் டவுன்லோட் பக்கத்தில் ‘டோரன்ட்’ என்ற இணைப்பைக் கிளிக் செய்திடுங்கள். கிடைக்கும் சிறு பைலை க்யூபிட்டோரன்டில் திறந்தால் டவுன்லோட் தொடங்கிவிடும்.

3. நடுவில் மின்சாரம் போனாலும் கவலை வேண்டாம். அடுத்த முறை விட்ட துண்டிலிருந்து தொடரும்.

4. முடிந்தபின், சாப்ட்வேர் தளம் தரும் ‘எஸ்.எச்.ஏ.-256’ எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. செவன்-ஜிப் இன்ஸ்டால் செய்திருந்தால், பைலில் ரைட் கிளிக் செய்து ‘சி.ஆர்.சி. எஸ்.எச்.ஏ.’ மெனுவில் இதைப் பார்க்கலாம். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அந்த பைலை அழித்துவிடுங்கள்.

டேட்டா கணக்கில் கவனம்

டவுன்லோட் முடிந்ததும் புரோகிராமை மூடாமல் விட்டால், உங்கள் கம்ப்யூட்டர் மற்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். வாங்கிய அளவுக்காவது திருப்பிக் கொடுப்பதுதான் இங்கே மரியாதை. க்யூபிட்டோரன்டின் ஆப்ஷன்ஸ் பகுதியில், பிட்டோரன்ட் என்ற பிரிவில் ‘ரேஷியோ’வை 1 என்று அமைத்தால், வாங்கிய அளவு கொடுத்து முடிந்ததும் பகிர்வு நிற்கும். மொபைல் ஹாட்ஸ்பாட் பயன்படுத்துபவர்கள் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். நீங்கள் கொடுப்பதும் உங்கள் டேட்டா கணக்கில்தான் ஏறும்.

விண்டோஸும் இதைத்தான் செய்கிறது

டோரன்டே வேண்டாம் என்பவரின் கம்ப்யூட்டரிலும் இதுபோன்ற பகிர்வு நடக்கக்கூடும். 2015-ல் வந்த விண்டோஸ் 10 முதல், ‘டெலிவரி ஆப்டிமைசேஷன்’ என்ற வசதி உண்டு. ஒரு கம்ப்யூட்டர் இறக்கிய அப்டேட்டை அருகிலுள்ள மற்ற கம்ப்யூட்டர்கள் அதனிடமிருந்தே பெற்றுக்கொள்ளும். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்று சென்றால் இதைக் காணலாம். உங்கள் வீட்டு நெட்வொர்க்குக்குள் மட்டும் என்று வைத்துக்கொள்வது நல்லது. வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர் இருந்தால் டேட்டா மிச்சமாகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

உரிமையாளர் அனுமதித்த சாப்ட்வேரை டோரன்டில் பகிர்வது குற்றமல்ல. அனுமதியில்லாத படத்தையோ சாப்ட்வேரையோ பகிர்வது காப்புரிமை மீறல். டோரன்டில் நீங்கள் வாங்கும்போதே கொடுக்கவும் செய்கிறீர்கள் என்பதையும், உங்கள் ஐ.பி. முகவரி அங்குள்ள எல்லோருக்கும் தெரியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

2012-ல் ‘3’, ‘தம்மு’ ஆகிய படங்களைப் பாதுகாக்க சென்னை உயர் நீதிமன்றம் அளித்த உத்தரவைக் காட்டி, இன்டர்நெட் நிறுவனங்கள் பல தளங்களை முழுதாக முடக்கின. முறையான வீடியோ தளமான விமியோவும் அதில் சிக்கியது. குறிப்பிட்ட முகவரிகளை மட்டும் தடுத்தால் போதும் என்று நீதிமன்றம் ஜூன் மாதம் விளக்க வேண்டியதாயிற்று. சிலரின் திருட்டுப் பகிர்வால் நேர்மையாகப் பயன்படுத்துபவர்களும் அவதிப்பட்டார்கள்.

பூட்டு உடைத்த ஆபிஸ் சாப்ட்வேரை யாராவது பென் டிரைவில் நீட்டினால், வேண்டாம் என்று சொல்லுங்கள். அதற்குள் வேறு என்ன இருக்கிறது என்று சொல்ல யாரிடமும் கைரேகைப் பட்டியல் இல்லை. லிப்ரே ஆபிஸைத் தயாரித்தவர்களிடம் அது இருக்கிறது. இன்றிரவே இறக்கிப் பாருங்கள். முடிந்தபின் ஒரு மணி நேரம் கம்ப்யூட்டரை அணைக்காமல் விட்டு, அடுத்து வருபவருக்கு உங்கள் மொய்யையும் வைத்துவிடுங்கள்.