இரண்டு சம்பளம் வருகிற வீடு ஏழை வீடா?

2016இல் மலேசியாவில் ஏழைக் குடும்பங்கள் ஏறக்குறைய 24,700 என்றது அரசாங்கக் கணக்கு. மொத்தக் குடும்பங்களில் அது 0.4 விழுக்காடு. 2020 ஜூலையில் வெளியான திருத்திய கணக்கில், 2019க்கான எண்ணிக்கை 4 லட்சத்தைத் தாண்டி 5.6 விழுக்காடாக நின்றது. இடையில் நாடு நொடித்துப் போய்விடவில்லை. மாதம் 980 ரிங்கிட் என்றிருந்த வறுமைக் கோட்டு வருமானத்தை 2,208 ரிங்கிட்டாக உயர்த்தினார்கள், அவ்வளவுதான். புதிய கோட்டின்படி 2016இலேயே 7.6 விழுக்காட்டினர் ஏழைகள். 2019 ஆகஸ்டில் நாட்டைச் சுற்றிப் பார்த்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன், பழைய எண்ணை நம்ப முடியாது என்று கோலாலம்பூரிலேயே பத்திரிகையாளர்களிடம் சொல்லிவிட்டுப் போனார். அரசாங்கம் மறுத்தது. அடுத்த ஆண்டே கோடு மாறியது.

அந்தக் கோட்டைப் போடும் முறை சிக்கலானதல்ல. ஒரு குடும்பம் சத்தாகச் சாப்பிட என்ன செலவாகும், வாடகை, உடுப்பு, போக்குவரத்து போன்றவற்றுக்கு எவ்வளவு வேண்டும் என்று கூட்டிப் பார்க்கிறார்கள். ஆள் கணக்கு, வயது, ஊர் ஆகியவற்றைப் பொறுத்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் கோடு வேறுபடும். பத்திரிகையில் வருவது சராசரி. சாப்பாட்டுச் செலவுக்கே வருமானம் எட்டாத குடும்பம் பரம ஏழை.

2022இல் அந்தச் சராசரி 2,589 ரிங்கிட். நாட்டில் 6.2 விழுக்காட்டுக் குடும்பங்கள் தத்தம் கோட்டுக்குக் கீழே இருந்தன. பினாங்கில் சுமார் 2 விழுக்காடுதான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகள் வேலை கொடுக்கிற மாநிலத்தில் இது எதிர்பார்க்கக் கூடியதே. ஆனால் ஒரு குடும்பத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கணவன் காவலாளி, மனைவிக்குத் தொழிற்சாலையில் துப்புரவு வேலை. இருவருக்கும் அந்த ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளமான 1,500 ரிங்கிட். சேர்த்தால் 3,000. சராசரிக் கோட்டுக்கு மேலே வந்துவிட்டார்கள், ஏழைகள் இல்லை. இன்னோர் அளவுகோலும் உண்டு. நாட்டின் இடைநிலை வருமானத்தில் பாதிகூட இல்லாதவர்களை ஒப்பீட்டு வறுமையில் சேர்ப்பார்கள். 2022இல் இடைநிலை வருமானம் 6,338 ரிங்கிட், பாதி 3,169. அதே கணவன் மனைவி இப்போது ஏழைகள்!

இந்த இடைவெளியில் பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள் என்பதை யுனிசெஃப் 2018இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கோலாலம்பூரின் மலிவு விலை அடுக்குமாடிகளில் வசிக்கும் பிள்ளைகளில் 7 விழுக்காட்டினரே அன்றைய வறுமைக் கோட்டின்கீழ் வந்தார்கள். ஒப்பீட்டு வறுமையில் பார்த்தால் ஏறக்குறைய எல்லாருமே. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள்; 23 விழுக்காட்டினருக்கு உடல் பருமன் அல்லது மிகை எடை. இரண்டும் ஒரே மாடியில். மலிவாக வயிற்றை நிரப்புவதும் சத்தாகச் சாப்பிடுவதும் வெவ்வேறு செலவு.

பணத்தை மட்டும் பார்த்தால் போதாது என்று தெரிந்துதான் 11ஆவது மலேசியத் திட்டம் பல்பரிமாண வறுமைக் குறியீட்டைக் கொண்டுவந்தது. கல்வி, சுகாதாரம், வாழ்க்கைத் தரம், வருமானம் என நான்கு பிரிவு, 11 குறிகாட்டிகள். அவற்றில் சில: பள்ளிக்குப் போகிறார்களா, சுத்தமான குடிநீர் உண்டா, கழிப்பறை உண்டா, குப்பை அள்ளுகிறார்களா, மருத்துவ வசதி 5 கிலோமீட்டருக்குள் இருக்கிறதா. சபா, சரவாக் உட்பகுதிகளுக்கு இவை பொருத்தமான கேள்விகள். பினாங்கின் ஜார்ஜ்டவுனில் இவற்றில் தோற்கிற வீடு அபூர்வம். ஆயர் ஈத்தாமில் உள்ள ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடிகூடக் குழாய்த் தண்ணீர், கழிப்பறை, கிளினிக் என்று தேறிவிடும். பழைய அடுக்குமாடிகளில் மின்தூக்கி பழுதாகும் நாளில் பத்தாவது மாடிப் பாட்டி சர்க்கரை நோய் மருந்துக்கு எப்படி இறங்கி வருவார் என்ற கேள்வி பட்டியலில் இல்லை.

வெளிநாட்டுக் கருவி உதவுமா? வட இங்கிலாந்துக்காக 1988இல் சமூகவியலாளர் பீட்டர் டவுன்சென்டும் சகாக்களும் உருவாக்கிய குறியீட்டில் நான்கே கேள்விகள்: வேலை இல்லையா, கார் இல்லையா, சொந்த வீடு இல்லையா, வீட்டில் நெரிசலா. எளிமையான நல்ல கருவி, ஆனால் இங்கே அப்படியே இறக்குமதி செய்ய முடியாது. பஸ்ஸை நம்பி வேலைக்குப் போக முடியாததால் ஒன்பது வருடக் கடனில் ஓடுகிற கார், பல வீடுகளில் வசதியல்ல, பாரம்.

வருமானம் ஒரு காசு குறையாமலே வாழ்க்கை சரிவதும் உண்டு. 1948 ஜனவரி 31க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை 1966ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தியிருந்தது. 1999 முடிவோடு அது போனது. வாடகை ஏற ஏற, ஜார்ஜ்டவுனின் உட்பகுதியிலிருந்து குடும்பங்கள் வெளியேறின. லெபோ பாசார் கடைவீட்டு மாடியில் இருந்தவர்களுக்கு குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோவிலும் சந்தையும் தெரிந்த முகங்களும் நடை தூரம். பாயா தெருபோங் அடுக்குமாடிக்குக் குடிபோனபின் சம்பளம் அதேதான். ஆனால் எல்லாவற்றுக்கும் வண்டி வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வாழ்க்கைத் தர வினாத்தாளில் 26 கேள்விகள் உண்டு. தூக்கம், பாதுகாப்பு, நண்பர்களின் ஆதரவு, போக்குவரத்து எல்லாம் அதில் வரும். இந்த இழப்பு தெரிவது அங்கேதான்.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது கேள்விகளின் போதாமைகூட அல்ல, சராசரி எடுக்கும் பரப்பு. இங்கிலாந்தில் ஏறத்தாழ 1,500 பேர் வசிக்கும் சிறு வட்டாரம் ஒவ்வொன்றுக்கும் பின்தங்கிய நிலையின் வரிசை எண் உண்டு. இங்கே மாவட்டம், நாடாளுமன்றத் தொகுதி, சட்டமன்றத் தொகுதி என்ற அளவில் புள்ளிவிவரம் கிடைக்கிறது. பினாங்கின் வடகிழக்கு மாவட்டத்தில் கர்னி டிரைவ் சொகுசு மாடிகளும் ரைபிள் ரேஞ்சும் ஒரே சராசரிக்குள் அடங்கிவிடுகின்றன. புளோக் வாரியாக எண் இல்லாதவரை, எந்த வீட்டுக்கு உதவி போய்ச் சேரவேண்டும் என்பதை, தொகுதிச் சேவை மையத்துக்கு யார் வந்து வரிசையில் நிற்கிறார்கள் என்பதே தீர்மானிக்கிறது. இரண்டு வேலை பார்ப்பவர்களுக்கு மையம் திறந்திருக்கும் நேரத்தில் வர முடிவதில்லை.