பனி பார்க்காத பிள்ளைகளின் பனிச்சறுக்கு வண்டி

2024 ஜனவரி. தென் கொரியாவின் பியோங்சாங்கில் இளையோர் குளிர்கால ஒலிம்பிக். ஒருவர் மட்டும் ஓட்டும் பாப்ஸ்லெய் வண்டிப் போட்டியில், ஆண்கள் பிரிவின் வெள்ளி துனிசியாவின் ஜொனாதன் லூரிமிக்கு. பெண்கள் பிரிவின் வெள்ளி தாய்லாந்தின் அக்னீஸ் காம்பியோலுக்கு. ஒன்று சகாராவை ஒட்டிய நாடு, இன்னொன்று நம்மூர் போலவே வெயில் கொளுத்தும் நாடு. இளையோர் குளிர்கால ஒலிம்பிக்கில் இரண்டு நாடுகளுக்கும் அதுவே முதல் பதக்கம்.

பனியே இல்லாத ஊர்ப் பிள்ளைகளுக்கு இது எப்படிக் கைகூடுகிறது?

முதலில் விளையாட்டைத் தெரிந்துகொள்வோம். மலைச்சரிவில் வாய்க்கால் போல வளைந்து இறங்கும் ஒரு தடம். அதன் மேல் வழவழவென்று உறைந்த பனிக்கட்டி. நீளம் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர், வளைவுகள் ஏறக்குறைய பதினைந்து. எஃகுச் சறுக்குக் கட்டைகள் பொருத்திய வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடி, தாவி உள்ளே உட்கார வேண்டும். அதற்குப் பிறகு எஞ்சின் கிடையாது, புவியீர்ப்புதான் இழுக்கிறது. வேகம் மணிக்கு 130 கிலோமீட்டரைத் தாண்டும். திருப்புவதற்கு ஸ்டியரிங் இல்லை, இரண்டு கயிறுகள்தான். பிரேக் உண்டு, ஆனால் எல்லைக்கோட்டைக் கடந்த பிறகுதான் அதில் கை வைக்கலாம்.

இதன் பிறப்பிடம் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே குளிர்காலம் கழிக்க வந்த ஆங்கிலேயர்கள் தெருக்களிலேயே சறுக்கி விளையாட, ஊரார் நடக்க வழியில்லாமல் போனது. தனித்தடங்கள் அமைந்தது அதன் பிறகுதான். 1904இல் திறந்த செயின்ட் மோரிட்ஸ் தடத்தை இன்றைக்கும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் பனியும் தண்ணீரும் கொண்டு புதிதாகக் கட்டுகிறார்கள்.

நெடுங்காலம் இது பெரியவர்களின் ஆட்டமாகவே இருந்தது. விதிவிலக்கு, அமெரிக்காவின் பில்லி ஃபிஸ்க். 1928 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற வண்டியை ஓட்டியபோது அவருக்கு வயது 16!

பிள்ளைகளுக்குக் கதவை அகலத் திறந்துவிட்டது ‘மோனோபாப்’ என்ற ஒற்றையாள் வண்டி. இளையோர் ஒலிம்பிக்கில் அது 2016இல் லில்லஹாமரில் அறிமுகமானது. தள்ளுவது, ஓட்டுவது, நிறுத்துவது எல்லாம் ஒருவரே. எல்லோருக்கும் ஒரே மாதிரி வண்டி என்பதால், பணக்கார நாட்டின் விலையுயர்ந்த வண்டியோடு மோத வேண்டியதில்லை. 2022இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பெரியவர்களுக்கும் வந்தது, பெண்கள் பிரிவில்.

புதிதாக வரும் பிள்ளையை யாரும் எடுத்த எடுப்பில் உச்சியிலிருந்து தள்ளிவிடுவதில்லை. தடத்தின் பாதி வழியில், வேகம் குறைவான இடத்தில் தொடங்கி, பழகப் பழக மேலே ஏற்றுகிறார்கள். அதற்கும் முன்னால் தடத்தில் நடக்க வைக்கிறார்கள். எந்த வளைவில் எப்போது கயிற்றை இழுப்பது என்று, கண்ணை மூடினாலும் கை சொல்லும் அளவுக்கு அது மனப்பாடமாக வேண்டும். பனி இல்லாத மாதங்களில், தண்டவாளத்தில் ஓடும் சக்கர வண்டியைத் தள்ளிப் பயிற்சி.

பெற்றோரின் பயம் நியாயமானதே. வளைவுகளில் உடல் எடை ஐந்து மடங்கு வரை கூடியதுபோல அழுத்தும். வண்டி கவிழ்வதும் உண்டு. தலை ஓயாமல் குலுங்குவதால் மூளைக்குத் தீங்கு நேருமோ என்ற கவலையை மூத்த வீரர்களே எழுப்பியிருக்கிறார்கள். தலைவலி, மயக்கம் என்று பிள்ளை சொன்னால் அன்றைய சறுக்கலை அத்தோடு நிறுத்துவதே முறை.

இந்த ஆட்டத்துக்குத் தேவையான கால்கள் பெரும்பாலும் பனியில் வளர்வதில்லை, ஓட்டப்பந்தய மைதானத்தில் வளர்கின்றன. 2002இல் பெண்கள் பாப்ஸ்லெய் முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்தபோது தங்கம் வென்ற அமெரிக்க இணையில் ஒருவரான வொனெட்டா ஃபிளவர்ஸ், அதற்கு முன் நீளம் தாண்டியவர்; பனியே அபூர்வமான அலபாமாக்காரர். அடுத்த முறை தொலைக்காட்சியில் பாப்ஸ்லெய் வந்தால் பிள்ளைகளைக் கூப்பிட்டு, தொடக்கத்தின் அந்த ஐந்து நொடி ஓட்டத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். அங்கே பிந்தியவர் கீழே போய் முந்துவது மிகக் கடினம்.